யகோதாவின் கோபமும் வெலிபோரின் முன்பெருக்கியும்

என் அக்கா தெசாங்காவின் கணவர் வெலிபோர் லிஃப்ட் எஞ்சினியர். நீஷ் நகரத்து அடுக்குமாடிகளில் பாதி லிஃப்ட்கள் அவர் கைபட்டுத்தான் ஏறி இறங்குகின்றன. அவர் குடியிருக்கும் கட்டடத்து லிஃப்ட் மட்டும் ஓடுவதில்லை. அதற்கு அவருக்கு நேரமில்லை. வேலை முடிந்து வந்ததும் வாசலில் காலணியைக் கழற்றி வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு, அக்கா நீட்டுகிற காபியை வாங்கிக்கொண்டு, நேரே கூடத்து மூலையில் இருக்கும் மேசைக்குப் போய்விடுவார். அந்த மேசையில் பல வருஷமாக ஒரே ஒரு பொருள்தான் பிறப்பதும் சாவதுமாக இருந்தது. இசைத்தட்டு கேட்பதற்கான வால்வு முன்பெருக்கி.

நான் தகர வேலைக்காரன், அவர்களோடுதான் குடியிருக்கிறேன். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயும் அடுப்புப் புகைக்குழாயும் செய்து பிழைப்பவன். அவர் செய்கிற கருவிக்கு உலோகப் பெட்டி அடித்துக் கொடுப்பது என் பொறுப்பு என்பதால், அது என்னவென்று எனக்கு நிறைய தடவை விளக்கியிருக்கிறார். தட்டின் பள்ளத்தில் ஊசி ஓடும்போது கிளம்புகிற மின்சாரம் கொசு மூச்சு விடுவது மாதிரி. அதை அப்படியே ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் ஒன்றும் கேட்காது. நடுவில் ஒரு பெட்டி அதைப் பல நூறு மடங்கு பெருக்க வேண்டும். அது போதாது. தட்டு வெட்டும்போது, பள்ளம் அகலமாகிவிடக் கூடாதென்று கனத்த சுரங்களை அடக்கி வெட்டுகிறார்கள். மெல்லிய சுரங்களைத் தூக்கி வெட்டுகிறார்கள். பெட்டி அதையும் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். இதையெல்லாம் நகத்தளவு சில்லு ஒன்றே இப்போது செய்துவிடும். ஆனால் எங்கள் ஊரில் வால்வுத் தொழிற்சாலை இருந்தது. எந்த வீட்டு நிலவறையிலும் ஒரு அட்டைப்பெட்டி நிறைய வால்வு கிடக்கும். கண்ணாடிக் குழாய்க்குள் செந்நிறமாக ஒரு கம்பி கனல்வதைப் பார்க்காமல் பாட்டுக் கேட்பது, தட்டைப் பார்க்காமல் சாப்பிடுவது மாதிரி என்பார் வெலிபோர்.

சிக்கல் ஒன்றுதான். பெருக்குகிற பெட்டி, நல்லது கெட்டது பார்க்காது. சுவருக்குள் ஓடும் மின்சாரத்தின் முனகலையும் பிடித்து, அதையும் பல நூறு மடங்கு பெருக்கிக் கொடுக்கும். ம்ம்ம்ம் என்று ஒரு சத்தம். இரண்டு சுரங்களுக்கு நடுவே, பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில், அந்த ம்ம்ம்ம்.

அதை ஒழிக்க அவர் செய்யாததில்லை. வால்வைச் சூடாக்கும் கம்பிக்கு நேர்மின்சாரம் கொடுத்தார். டிரான்ஸ்ஃபார்மரைத் தனிப் பெட்டியில் போட்டு, அந்தப் பெட்டியைக் குளியலறைக்கு அனுப்பினார். எர்த் கம்பிகளையெல்லாம் ஒரே புள்ளிக்குக் கொண்டுவந்தார். நான் அலுமினியத்தில் அடித்துக் கொடுத்தேன், செம்பில் அடித்துக் கொடுத்தேன், இரும்பில் அடித்துக் கொடுத்தேன். முனகல் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதற்காக, தட்டே போடாமல் ஒலியை முழுசாகத் திருகிவைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்.

"வீட்ல மாடு கட்டின மாதிரி இருக்கு. பால்தான் இல்ல" என்பாள் அக்கா.

அப்படி அவர் உட்கார்ந்திருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம், பக்கத்து வீட்டு யகோதா கதவைத் தட்டினாள்.

யகோதா வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவள். ஐம்பதைத் தாண்டியவள். கல்யாணம் ஒரு காலத்தில் ஆகியிருந்தது. பிடிக்கவில்லையென்று பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். ஊரில் யாரும் மீட்டர்காரிக்குச் சட்டென்று கதவு திறப்பதில்லை. ஆகவே அவள் இடிக்கிற மாதிரிதான் தட்டுவாள், வந்திருப்பது யாரென்று யாருக்கும் சந்தேகம் வராது.

அக்கா திறந்தாள். யகோதா உள்ளே வந்து, வெலிபோரின் மேசைக்குப் பக்கத்தில் இருந்த சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"எஞ்சினியரே, ஒண்ணு அதை நிறுத்துங்க, இல்ல என்னைக் கொன்னுடுங்க. என் அலமாரில கண்ணாடி டம்ளரெல்லாம் தானா நடக்குது. சுவத்துக்குள்ள ஏதோ பேய் மூச்சு விடுது."

வெலிபோர் ஒரு விரலை உயர்த்தினார். நானும் கவனித்தேன். முனகல் இல்லை.

"எந்தச் சத்தம்?" என்றார் வெலிபோர், மெதுவாக.

யகோதா காதைத் தீட்டினாள். அவள் முகம் சிவந்தது. "இப்ப நிறுத்திட்டீங்க. நான் வந்ததும் நிறுத்திட்டு நல்லவன் மாதிரி உக்காந்திருக்கீங்க."

"நான் எதையும் தொடல அம்மணி."

"அப்ப நான் பைத்தியமா?" என்று எழுந்து நடந்தாள். வாசலைத் தாண்டுவதற்குள் ம்ம்ம்ம் என்று ஆரம்பித்தது. திரும்பி ஓடிவந்தாள். சோபாவில் உட்கார்ந்தாள். நின்றுவிட்டது. எழுந்தாள். வந்தது. உட்கார்ந்தாள். போயிற்று. நாலைந்து தடவை உட்கார்ந்தெழுந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. வெலிபோர் கண்களில் தண்ணீர் நின்றதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"அம்மணி, தயவு பண்ணி எந்திரிக்காதீங்க" என்றார்.

அன்றைக்கு சாயங்காலம் வரைக்கும் ஆராய்ச்சி நடந்தது. யகோதாவின் சால்வையை மட்டும் சோபாவில் போட்டுப் பார்த்தோம். முனகியது. சால்வையை உருளைக்கிழங்கு மூட்டைக்குப் போர்த்தி உட்காரவைத்தோம். முனகியது. அக்கா உட்கார்ந்து பார்த்தாள். அப்படியே இருந்தது. நான் உட்கார்ந்தேன். கூடியது.

"தகரக்காரரே, நீங்க சாலைக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்க" என்றாள் யகோதா. அவளுக்குக் கொஞ்சம் பெருமை தொற்றிக்கொண்டிருந்தது.

வெலிபோர் ஒரு மீட்டரின் இரண்டு முனைகளையும் அவள் கட்டைவிரல்களில் வைத்து அளந்தார்.

"என்ன காட்டுது?" என்று கேட்டாள்.

"நல்ல ரெசிஸ்டர் நீங்க."

"அது பாராட்டா, திட்டா?"

"அளவு அம்மணி."

அதே அளவுக்கு ரெசிஸ்டரும் கண்டென்சரும் வாங்கிவந்து யகோதாவுக்குப் பதிலாகப் பொருத்திப் பார்த்தார். முனகல் போகவில்லை, பாட்டுதான் போயிற்று. கடைசியில், வேறு வழியில்லாமல், கருவியின் வரைபடத்தில் அவளைச் சேர்த்துவிட்டார். முதல் வால்வுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒரு சின்னக் கோணல்மாணல் கோடு, பக்கத்தில் "யகோதா".

அதற்குப் பிறகு அவள் தினமும் வந்தாள். அவளுக்கும் வேறு வழியில்லை. அவள் வீட்டில் உட்கார்ந்தால் சுவர் வழியாக முனகல் கேட்கும். அந்தச் சத்தம் காதில் விழாத இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், அது கிளம்புகிற கூடத்தில் கிடந்த சோபா. வேலை முடிந்து, வீங்கிய காலை ஒரு முக்காலியில் நீட்டிவைத்துக்கொண்டு உட்காருவாள். வெலிபோர் தட்டுகளைப் போடுவார். பாட்டு அவளுக்குப் பிடிக்காது. "இவன் எப்ப அழுது முடிப்பான்?" என்று வயலினைப் பார்த்துக் கேட்பாள்.

ஒருநாள் அவள் மிளகாய்க்குள் அரிசியும் கறியும் அடைத்துச் சமைத்த குடமிளகாய்ப் பாத்திரத்தோடு வந்தாள். எல்லோரும் சாப்பிட்டோம். பிரமாதமாக இருந்தது, சொன்னோம். யகோதா சிரித்துக்கொண்டே சோபாவில் சாய்ந்தாள். வெலிபோர் கருவியைப் போட்டார்.

ம்ம்ம்ம்.

வெலிபோர் முகம் சுண்ணாம்பு மாதிரி ஆயிற்று. சோபாவை நகர்த்தினார். முக்காலியை எடுத்தார். யகோதாவின் பாதம், கை, தலை எல்லாவற்றையும் வேறு வேறு பக்கம் திருப்பி வைக்கச் சொன்னார். அவளும் சிரித்துக்கொண்டே திரும்பித் திரும்பி உட்கார்ந்தாள். முனகல் நிற்கவில்லை. அப்போது சமையலறையிலிருந்து தட்டைக் கழுவிக்கொண்டே அக்கா சொன்னாள்:

"யகோதா, கோவிச்சுக்காத. போன வாரம் மாடிப்படி கழுவுற முறை உன்னோடதுதான். நீ கழுவல."

"நான் கழுவலையா?" என்றாள் யகோதா. "மூணாவது மாடிக்காரி நாயை வச்சு அழுக்காக்கிட்டுப் போறா, நான் கழுவலையா? உன் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்து வச்சா எனக்கு இதான் மரியாதையா?"

அவள் பேச ஆரம்பித்த கணத்தில் கூடம் கிணற்றுக்குள் போனது மாதிரி அமைதியாயிற்று. வெலிபோர் கையைக் கூப்பிக்கொண்டார்.

"தெசா, இன்னும் ஏதாவது சொல்லு" என்றார் அக்காவிடம்.

இப்படித்தான் விஷயம் பிடிபட்டது. யகோதா இருந்தால் மட்டும் போதாது. யகோதா கோபமாக இருக்க வேண்டும். வரைபடத்தில் வெலிபோர் அவள் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் "கோபமாக" என்று எழுதிச் சேர்த்தார்.

அவளைக் கோபப்படுத்துகிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது. அது கஷ்டமில்லை. எங்கள் ஊரில் எதிரெதிர் ஜன்னல் இரண்டையும் திறந்துவைத்தால் போதும். காற்று குறுக்கே ஓடிக் கழுத்தைப் பிடித்துவிடும் என்று நடுங்காத மனுஷர் இல்லை. கூடத்து ஜன்னலை ஒரு கையகலம் திறந்துவிட்டுச் சமையலறைக்குப் போய் அந்த ஜன்னலையும் திறப்பேன். "யாருய்யா அது, எனக்குச் சவப்பெட்டி அடிக்கப் பாக்குறது" என்று குரல் வரும். வெலிபோர் ஊசியைத் தட்டில் வைப்பார்.

கருவி தயார் என்று அவருக்கு நம்பிக்கை வந்ததும், வேறு நாட்டில் வெகு தூரத்தில் இருக்கும் லுப்ல்யானாவுக்குத் தகவல் போயிற்று. அங்கே போஷ்த்யான் என்று ஒருவர் இருந்தார். இசைத்தட்டுப் பிரியர்களுக்காகச் சின்னதாக ஒரு பத்திரிகை நடத்துகிறவர். ஒரு கருவியை அவர் நல்லது என்று எழுதிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. வெலிபோர் அவரைப் பல வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இலையுதிர்காலத் தொடக்கத்தில் அவர் காரை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஒல்லியான, உயரமான மனுஷர், வெள்ளைச் சட்டை. பள்ளிக்கூடத்தில் படித்த எங்கள் மொழியை ஒவ்வொரு சொல்லாகத் துடைத்து எடுத்துவைப்பது போலப் பேசினார். மாடி ஏறி வந்த களைப்பிலும் எல்லோருக்கும் தனித்தனியாகக் கை கொடுத்தார். யகோதாவின் கையை மட்டும் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பிடித்திருந்தார்.

"உங்களை எழுந்திரிக்க வச்சிட்டேனா? தயவுசெஞ்சு உக்காருங்க. உங்களுக்கு இந்தச் சால்வை ரொம்ப நல்லா இருக்கு."

யகோதாவிடம் அப்படி யாரும் பேசி எத்தனை காலமாயிற்றோ. தலைமுடியைத் தொட்டுச் சரிசெய்துகொண்டாள். முனகல் மெதுவாகக் கிளம்பியது.

நான் ஜன்னலுக்கு ஓடினேன்.

"பரவால்ல, திறந்து வைங்க தோதோர்" என்றாள் அவள் என்னிடம். அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "பாவம், விருந்தாளிக்கு வேர்க்குது."

முனகல் கூடியது. போஷ்த்யான் கேட்காத மாதிரி இருந்தார், அவ்வளவு நாகரிகம். அக்கா மாடிப்படியைப் பற்றி எடுத்தாள். யகோதா, "கழுவிடறேன் தெசா, மறந்துட்டேன்" என்றாள். நான் துணிந்து, அவள் சமைத்த குடமிளகாயில் உப்புக் கூடுதல் என்றேன். "ஆமால்ல, எனக்கும் தோணுச்சு" என்றாள், போஷ்த்யானைப் பார்த்துக்கொண்டே. கூடத்தில் லாரி நின்று உறுமுவது போல இருந்தது.

போஷ்த்யான் தொண்டையைச் செருமினார். "வரைபடம் பாக்கலாமா?"

வெலிபோருக்குப் பொய் சொல்ல வராது. நீட்டினார். போஷ்த்யான் கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் வால்விலிருந்து வரிசையாக விரலை ஓட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"எர்த் இணைப்பு இங்க... இவங்க வழியாவா போகுது?"

"ஆமா."

"சுவாரஸ்யமான யோசனை" என்றார் போஷ்த்யான். "ஏற்ற இறக்கம் எவ்வளவு இருக்கும்?"

"சாப்பாட்டைப் பொறுத்தது."

அவர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். யகோதா எழுந்து வந்தாள். "எங்க, என்னைப் போட்டிருக்கீங்களா அதுல? காட்டுங்க."

வெலிபோர் காட்டினார்.

"இது என்ன, புழு மாதிரி?"

"அது நீங்கதான் அம்மணி."

யகோதா குனிந்து பார்த்தாள். "பக்கத்துல இது என்ன?"

"கண்டென்சர்."

"என்னை விடப் பெருசா இருக்கே."

வெலிபோர் அங்கே ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். ஆனால் வரைபட விஷயத்தில் அவருக்கு மனசாட்சி உண்டு.

"அதுக்கு வேலை அதிகம்" என்றார்.

அப்புறம் யகோதா கண்ணில் பட்டது, அவள் பெயருக்குக் கீழே இருந்த அந்தச் சின்ன எழுத்து. அதைப் படித்தாள். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். இத்தனை நாள் ஜன்னல், படிக்கட்டு, உப்பு எல்லாம் எதற்காக என்று அவளுக்குப் புரிவது முகத்தில் தெரிந்தது. கத்தவில்லை. சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனாள். அவள் வீட்டுக் கதவு அடித்துச் சாத்தியதில் எங்கள் கூடத்து விளக்கு ஆடியது.

"கரண்ட் போயிடுச்சா?" என்று கேட்டார் போஷ்த்யான்.

போகவில்லை. வால்வுகள் செவேலென்று கனன்றுகொண்டிருந்தன. ஸ்பீக்கரில் ஒன்றுமே இல்லை. போஷ்த்யான் போய் அதன்மேல் காதை வைத்தார். வெலிபோர் ஒரு தட்டை வைத்தார். செல்லோ மட்டும் தனியாக வாசிக்கிற தட்டு. வாசிப்பவர் வில்லைத் தூக்கும்போது அவருடைய சட்டைக்கை உராய்வது கேட்டது. அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலி முனகுவதற்கு முன்னால் முனகலாமா என்று யோசிப்பதுகூடக் கேட்டது போலிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் யகோதா தட்டுமுட்டுச் சாமான்களை இடம் மாற்றிக்கொண்டிருந்தாள்.

"அவங்க இந்த அறையில இருக்கணும்னுகூட இல்ல" என்றார் போஷ்த்யான், பயபக்தியோடு.

கருவியை அவர் கையோடு எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நாளைக்கு வைத்துக் கேட்டுவிட்டு எழுதுவதாகச் சொன்னார். அங்கே போனதும் முனகப்போகிறது என்று நான் நினைத்தேன். வெலிபோரும் நினைத்தார். ஆனால் லுப்ல்யானாவிலிருந்து ஃபோன் வந்தது. பரிபூரண அமைதி, வாழ்நாளில் இப்படிக் கேட்டதில்லை.

யகோதாவின் கோபம் அவ்வளவு தூரம் எட்டியது. படிக்கட்டில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பாள். மிளகாய்க் காலம் தொடங்கியது. கட்டடத்து முற்றத்தில் எல்லோரும் சேர்ந்து சிவப்புக் குடமிளகாயைச் சுட்டு, தோலுரித்து, குளிர்காலத்துக்கு அய்வார் விழுது கிண்டி ஜாடிகளில் அடைக்கும் காலம். மிளகாய் சுடுகிற உருளை அடுப்பு யகோதாவுடையது. கட்டடத்தில் எல்லோரையும் கூப்பிட்டாள். மூணாவது மாடி நாய்க்காரியைக்கூடக் கூப்பிட்டாள். எங்களைக் கூப்பிடவில்லை.

அக்காவுக்கு அது தாங்கவில்லை. "உங்க பெட்டி சத்தம் போடாம இருக்கறதுக்கு, குளிர்காலம் பூரா நான் வெறும் ரொட்டி திங்கணுமா? கீழ போய் மன்னிப்புக் கேளுங்க."

வெலிபோர் சீமை மாதுளையில் காய்ச்சிய ரக்கியாச் சாராயம் ஒரு புட்டி எடுத்துக்கொண்டு இறங்கினார். நானும் போனேன். யகோதா அடுப்பின் உருளையைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். வெலிபோர் புட்டியைப் பெஞ்சில் வைத்தார்.

"அம்மணி, அந்த வரைபடம்... நான் பண்ணது தப்பு. ஆளை அப்படி வரையக் கூடாது."

யகோதா நிமிரவில்லை. ஆனால் உருளை சுற்றுகிற வேகம் தணிந்தது. அப்போது வெலிபோர் பையில் ஃபோன் அடித்தது. போஷ்த்யான்தான். மன்னிக்க வேண்டும், தொந்தரவுக்கு வருத்தம், ஆனால் இப்போதுதான், சற்று முன்னால்தான், ஒரு முனகல் மாதிரி ஏதோ ஆரம்பித்திருக்கிறது. நாளைக்குத்தான் கட்டுரை எழுத உட்காருகிறார்.

வெலிபோர் ஃபோனைப் பையில் போட்டார். வானத்தைப் பார்த்தார். புட்டியைப் பார்த்தார்.

"இருந்தாலும் பாருங்க அம்மணி," என்றார், "கண்டென்சருக்கு நிஜமாவே வேலை அதிகம்தான்."

புட்டியை யகோதா எறிந்தாள். என்மேல்தான் பட்டது, தோளில். கட்டுரை மறுவாரம் வந்தது. உலகத்தில் இப்படியொரு அமைதி எந்தக் கருவியிலும் இல்லை என்று போஷ்த்யான் எழுதியிருந்தார். வெலிபோர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். அக்கா அவரோடு பேச்சை நிறுத்தியிருந்ததால், அது நேராக மாட்டியிருக்கிறதா என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. அக்காவும் பயங்கரக் கோபத்தில்தான் இருந்தாள். ஆனால் அவள் கோபம் எந்தக் கருவியையும் ஒன்றும் செய்யவில்லை.

யகோதாவின் கோபத்தை வெலிபோரே முடித்துவைத்தார். ஒருநாள் நானும் அவரும் வீடு திரும்பும்போது, படியில் யகோதா மிளகாய் மூட்டையை இழுத்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு படியிலும் மூட்டையை வைத்துவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாங்கள் தூக்கப் போனதும், "தொடாதீங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். வெலிபோர் அங்கேயே நின்றுவிட்டார். அவள் மேலே போய்ச் சேரும் வரைக்கும் அந்த மூட்டை படியில் இடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுக் கருவிப்பையை எடுத்துக்கொண்டு லிஃப்ட் அறைக்குள் போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட் ஓடியது.

யகோதா அதில் ஏறினாள். மேலே போனாள், கீழே வந்தாள், மறுபடி மேலே போனாள். காரணமில்லாமல் நாலைந்து தடவை. கடைசியில் எங்கள் மாடியில் கதவு திறந்தது. வெலிபோர் கை நிறையக் கிரீஸோடு வாசலில் நின்றார்.

"அந்தப் புழு விஷயம் அப்படியே இருக்கு, அதை மறக்கல" என்றாள். "ஆனா இதுக்கு நன்றி."

சிரித்தாள். உள்ளே ஃபோன் அடித்தது.

வெலிபோர் எடுக்கப் போகவில்லை. அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. யகோதாதான் பொறுமையில்லாமல் உள்ளே போய் எடுத்தாள்.

"யாரு? ஓ, வெள்ளைச் சட்டையா... ஆமா, நான்தான்... என்னது, முனகுதா? முனகட்டும். நான் இன்னிக்கு சந்தோஷமா இருக்கேன்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "வியாழக்கிழமை விருந்தாளி வர்றாங்களா? அதுக்கு நான் கோவப்படணுமா? ஏங்க, நான் என்ன ரேடியோவா, திருகினதும் பாடறதுக்கு? நீங்க படிச்ச மனுஷன்தானே?"

அந்தப் பக்கத்திலிருந்து மெல்லிய குரல் எனக்கும் கேட்டது. "ரொம்ப நன்றி. இப்ப நின்னுடுச்சு."

அதுவே வழக்கமாயிற்று. பாட்டுக் கேட்க உட்காரும்முன் போஷ்த்யான் ஃபோன் செய்வார். யகோதா அவரைத் திட்டுவாள். தனியாக இருப்பதற்காக, ஆறின சூப்பைச் சூடாக்காமல் குடிப்பதற்காக, குளிரில் மெல்லிய காலுறை போடுவதற்காக. அவர் குறைகளைப் பற்றி அவரே விவரம் கொடுப்பார். திட்டுவதற்கு அவள் கைவசம் எதுவும் இல்லாத நாளில் அது உதவியாக இருக்கும். குளிர்காலம் இப்படியே போயிற்று. எங்கள் அலமாரியில் அய்வார் ஜாடிகள் வரிசையாக இருந்தன.

வசந்தத்தில் போஷ்த்யான் மறுபடி வந்தார். முன்பெருக்கியைப் பக்கத்து இருக்கையில் வைத்து பெல்ட் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"ஏதோ பழுது" என்றார் வெலிபோரிடம், வருத்தத்தோடு. "இப்பல்லாம் அவங்க எவ்வளவு திட்டினாலும் முனகுது. கடைசியா ரொம்ப நேரம் திட்டினாங்க, ஆனா நடுவுல நடுவுல சிரிப்பு வந்துடுச்சு அவங்களுக்கு."

யகோதா அவரைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்தக் கோட்டும் அந்தக் காலுறையும்தான் இன்னமுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் வெலிபோரும் மேசையில் பெட்டியைத் திறந்தோம். அவர் விளக்கைச் சாய்த்து ஒவ்வொரு இணைப்பாக ஒரு குச்சியால் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் குச்சி நின்றது. ஊசியிலிருந்து வரும் கம்பியின் எர்த் முனை. அது அதன் துளையில் சும்மா செருகியிருந்தது. மேலே, ஈயத்தை உருக்கி ஒட்டும்போது தடவுகிற பிசின் மட்டும் பளபளவென்று காய்ந்திருந்தது.

"சால்டர் வைக்கலையா மச்சான்?"

"வைக்கல மாப்ள" என்றார். வெகுநேரம் அதையே பார்த்தார். "எல்லாத்துக்கும் வச்சேன். இதுக்கு வைக்கல."

சால்டர் இரும்பைச் சூடாக்கினார். ஒரே ஒரு சொட்டு. கருவியைப் போட்டார். யகோதா சமையலறையில் ஏதோ சொல்லிக் கலகலவென்று சிரித்துக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. செத்த அமைதி. இத்தனை வருஷமாக அவர் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான்.

போஷ்த்யான் குரல் கேட்டது. "இல்லீங்க, நான் சாப்பிடறேன், நிஜமாவே சாப்பிடறேன். நீங்க வியாழக்கிழமை சொன்னதுக்கப்புறம் தினமும் சூடாக்கித்தான்..."

வெலிபோர் எழுந்து போய்ச் சமையலறைக் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தார். திரும்பி வந்தார். இரும்பை அந்தச் சொட்டின்மேல் வைத்து உருக்கினார். கம்பியைப் பிடுங்கினார். ம்ம்ம்ம் என்று வந்தது. மூடியைப் போட்டுத் திருகாணிகளை முடுக்கினார்.

"என்ன ஆச்சு, சரியாகுமா?" என்று போஷ்த்யான் வாசலில் வந்து நின்றார். கையில் ரொட்டித் துண்டு, அதன்மேல் அய்வார்.

"இதுக்கு வைத்தியம் இல்ல" என்றார் வெலிபோர், தரையைப் பார்த்துக்கொண்டு. பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் காது சிவந்தது. "நீங்க அடிக்கடி கொண்டுவந்து காட்டணும்."

"அப்படியா" என்றார் போஷ்த்யான். "ரொம்ப நன்றி."

தனக்கென்று வெலிபோர் அப்புறம் ஒன்று செய்துகொண்டார். எல்லா முனையிலும் சால்டர் வைத்தது. நான் செம்பில் பெட்டி அடித்தேன். அது முனகுவதேயில்லை, அதனால் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கொஞ்ச நாள் அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்டார். பிறகு ஒரு சாயங்காலம் ஒரு விரலை உயர்த்தினார். தட்டைச் சுழற்றுகிற மோட்டார், காதைக் கிட்டே கொண்டுபோனால், லேசாகக் கரகரக்கிறதாம். இப்போது மேசையில் மோட்டார் கிடக்கிறது.